வராத தட்டுப்பாட்டுக்கு ஒரு நன்றி

சென்ற வாரம் நடந்தவை, நடந்த வரிசையிலேயே:

1. டப்ளினிலிருந்து அக்காவும் அவள் மகள் அனுவும் நியூஜெர்சியின் நெவார்க் ஏர்போர்ட்டில் வந்து இறங்கினார்கள். கோடை விடுமுறை. அத்தானுக்கு மட்டும் லீவு கிடைக்கவில்லை.

2. கஸ்டம்ஸில் ஓர் அதிகாரி அனுவின் பெட்டியைத் திறந்தார். உள்ளே வரிசையாக வெள்ளைப் பொடி பாக்கெட்டுகள். புருவத்தைத் தூக்கினார். அக்கா வாயைத் திறப்பதற்குள் எட்டு வயது அனு தானே முழு விளக்கமும் கொடுத்துவிட்டாள். அவர் பாக்கெட்டைத் திருப்பிப் படித்தார், "ஹேவ் எ நைஸ் சம்மர்" என்றார், பெட்டியை மூடினார்.

3. வெஸ்ட் வின்ட்சரில் எங்கள் வீட்டு மளிகை அலமாரியான பேன்ட்ரியின் கீழ்த்தட்டு அனு வசம் போனது. "இது என் தட்டு. இதிலிருந்து எதையும் பாக்கெட்டை விட்டு வெளியே எடுக்கக் கூடாது" என்று சட்டம் போட்டாள்.

4. அதே தட்டின் மூலையில் ஒரு பழைய டப்பா இருந்தது. எடுத்தாள், திருப்பினாள், காலாவதித் தேதியைப் படித்தாள்.

5. "சித்தி, இது நான் ஸ்கூலில் சேர்வதற்கு முன்பே காலாவதி ஆகிவிட்டதே! ஏன் இன்னும் வைத்திருக்கிறாய்?" என்று கேட்டாள். ஐரிஷ் ராகம் போட்ட இங்கிலீஷில். நாங்கள் தமிழில் பேசுவோம், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். அதுதான் எங்கள் ஒப்பந்தம்.

நல்ல கேள்வி. அவளுக்கு அங்கே சொன்ன பதில் சின்னது. உங்களுக்குச் சொல்வது கொஞ்சம் நீளம்.

முதலில் அனுவைப் பற்றி. பிறந்த சில நாட்களில் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். அயர்லாந்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் எடுப்பார்களாம். அதில் தெரிந்தது, பி.கே.யூ. என்ற பிறவிக் குறைபாடு. புரதத்தில் இருக்கும் ஒரு பொருளை அவள் உடம்பால் உடைக்க முடியாது. அது ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போனால் மூளையின் வளர்ச்சியைக் கெடுக்கும். சரியான சாப்பாடு கொடுத்தால்? ஒரு குறையும் இல்லை. ஓடுவாள், ஆடுவாள், வாயாடுவாள், என் இங்கிலீஷைத் திருத்துவாள்.

அந்தச் சரியான சாப்பாட்டில்தான் கஷ்டம். பால், தயிர், பருப்பு, முட்டை, மீன், கறி... எதுவும் கிடையாது. சோறுகூட அளந்துதான். ஒரு தமிழ்ச் சமையலறையிலிருந்து இவ்வளவையும் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? "தாளிக்கிற சத்தம் மட்டும்தான் மிச்சம்டி" என்பாள் அக்கா.

அதனால் அனுவுக்கென்று இரண்டு பொருட்கள். ஒன்று, புரதம் மிகமிகக் குறைந்த ஒரு மாவு. அவளுடைய இட்லி, தோசை, பிறந்தநாள் கேக் எல்லாமே அதில்தான். இன்னொன்று, தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் பொடி. வளர்வதற்கு வேண்டிய சத்தெல்லாம் அதில் இருக்கும், அவளுக்கு ஆகாத அந்த ஒன்றைத் தவிர. மாவு இல்லாவிட்டால் அழுவாள். பொடி இல்லாவிட்டால்... அந்த வாக்கியத்தை எங்கள் வீட்டில் யாரும் முடித்ததில்லை.

இரண்டும் மாதா மாதம் ஓர் அட்டைப்பெட்டியில், அக்கா வீட்டுப் பக்கத்து மருந்துக்கடைக்கு வந்துவிடும். செலவு அரசாங்கத்துடையது. பெட்டி எங்கே கிளம்பி எந்த வழியாக வருகிறது என்று அக்கா யோசித்ததே இல்லை. குழாயைத் திறக்கும்போது ஏரியைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்?

யோசிக்க வைத்தது பிரெக்ஸிட்.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதாக முடிவெடுத்தது அல்லவா? அந்த விவகாரம். நியூஜெர்சியில் உட்கார்ந்திருக்கும் நமக்கு அது டிவியில் ஓடிய ஒரு நீளமான குடும்பச் சண்டை. பக்கத்து வீட்டுக்காரரான அயர்லாந்துக்கு அப்படி இல்லை. அயர்லாந்து ஒன்றியத்தில்தான் இருக்கப்போகிறது. ஆனால் அதற்கு வரும் சாமான்களில் பெரும்பகுதி பிரிட்டனிலிருந்து வரும், அல்லது பிரிட்டனைக் கடந்து வரும். லாரி கப்பலில் ஏறும், இறங்கும், ஒரு கேள்வி கிடையாது.

நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். உங்கள் வீட்டு மளிகை மொத்தமும், இந்தியக் கடைகள் நிறைந்த ஐசலின் ஓக் ட்ரீ ரோட்டிலிருந்து வருகிறது என்று வையுங்கள். ஒரு நாள் காலையில், ஓக் ட்ரீ ரோடு இனிமேல் வெளிநாடு என்று அறிவித்துவிடுகிறார்கள். ரோட்டின் முனையில் ஒரு செக்போஸ்ட். ஒவ்வொரு பையையும் திறக்க வேண்டும், ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் பேப்பர் காட்ட வேண்டும். கறிவேப்பிலைக்குத் தனி சர்ட்டிஃபிகேட். இப்போது சொல்லுங்கள், ராத்திரிக்கு என்ன சமைப்பீர்கள்?

2019-இல் அந்தப் பயம்தான் அயர்லாந்து முழுவதும். ஒப்பந்தம் எதுவும் போடாமலே பிரிட்டன் வெளியேறிவிடுமோ என்று தினம் ஒரு தலைப்புச் செய்தி. ஒரு நாள் அக்கா போன் செய்தாள். குரலில் பதற்றம் இல்லை. அக்கா பதறினால் குரல் இன்னும் நிதானமாகிவிடும் என்பது எனக்குத் தெரியும்.

"நித்தி, ஒண்ணு சொல்றேன், டென்ஷன் ஆகாத. அனுவோட பெட்டியை இன்னைக்குத்தான் திருப்பிப் பார்த்தேன். மாவும் இங்கிலாந்து, பொடியும் இங்கிலாந்து."

"சரி."

"சரின்னா? அங்கேருந்து வர்ற லாரி நின்னுபோச்சுன்னா?"

"கவர்ன்மென்ட் என்ன சொல்றாங்க?"

"எல்லாம் தயார்னு சொல்றாங்க. கவர்ன்மென்ட் எல்லாம் தயார்னு சொன்னா நமக்கு என்னடி தோணும்? உடனே போய் மெழுகுவர்த்தி வாங்கணும்னுதான் தோணும்."

உண்மைதானே? சென்னை மழையில் வளர்ந்தவர்கள் நாங்கள். 'அச்சம் வேண்டாம்' என்று ரேடியோ சொன்னால், அம்மா பால் பாக்கெட் வாங்க ஓடுவாள். இங்கேயும் என்ன வாழ்கிறது? ஸ்னோ வருகிறது என்று ஒரு நோட்டிஸ் வந்தால் போதும், இந்தியன் ஸ்டோரில் முதலில் காலியாவது தோசை மாவுதான்.

என் தொழிலைப் பற்றிப் பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்காக: எந்தக் கிடங்கில் எந்தப் பொருள் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்குப் போடும் சாஃப்ட்வேரில் வேலை. அதாவது, தட்டுப்பாடு வராமல் பார்த்துக்கொள்வதற்குச் சம்பளம் வாங்குகிறவள். அக்காவுக்காக ஒரு திட்டம் போடுவதா எனக்குக் கஷ்டம்?

திட்டம் போட்டேன். மாவு இங்கே ஆன்லைனில் கிடைக்கிறது, அமெரிக்கத் தயாரிப்பு. வாங்கி அடுக்குவது முதல் வேலை. டப்ளின் போகிறவர்கள் யார் யார் என்று கண்டுபிடிப்பது இரண்டாவது. அவர்கள் சூட்கேஸில் இடம் கேட்பது மூன்றாவது. இந்த மூன்றாவது வேலையில் தமிழர்களை மிஞ்ச ஆள் கிடையாது. "டப்ளினுக்கு யாராச்சும் போறீங்களா? சின்ன பார்சல்தான்" என்று வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டேன். சாயங்காலத்துக்குள் பதில் வந்துவிட்டது.

நசீமா ஆன்ட்டி. என்னோடு வேலை பார்க்கும் ஃபாத்திமாவின் அம்மா. நாகூர்க்காரர், ஐசலினில் மகளோடு இருக்கிறார். மகன் டப்ளினில். மகன் வீட்டுக்கு அடுத்த வாரம் கிளம்புகிறார்.

டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு போனேன். ஹாலில் இரண்டு சூட்கேஸ்கள் வாயைப் பிளந்து கிடந்தன. பக்கத்தில் பாத்ரூம் எடை மெஷின். அந்தக் காட்சியை நான் விவரிக்க வேண்டுமா? உங்கள் வீட்டிலும் நடப்பதுதானே?

"வாம்மா நித்யா, வெச்சிட்டுப் போ. புள்ளைக்குச் சாப்பாடுன்னு சொன்னப்புறம் வேற என்ன இருக்கு? என் புடவை நாலு குறைஞ்சா என்ன இப்ப? டப்ளின்ல யாரு பாக்கப் போறா?"

"ஆன்ட்டி, ஒரு டப்பா மட்டும் இடம் இல்லன்னா விட்டுடுங்க."

"அதெல்லாம் அடக்கிடலாம். நீ போ."

நான் கிளம்பும்வரை ஒரு டப்பா மட்டும் அடங்கவில்லை. அடுத்த ஆளிடம் கொடுக்கலாம் என்று வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். அனு சென்ற வாரம் கண்டுபிடித்தது அதைத்தான்.

மற்றதெல்லாம் டப்ளின் போய்ச் சேர்ந்தது. அக்கா ஆன்ட்டியின் மகன் வீட்டுக்குப் போனாள்; ஆன்ட்டி வெளியே போயிருந்ததால், மகன் மாவுக் கவர்கள் எல்லாவற்றையும் கொடுத்து அனுப்பிவிட்டார். கொஞ்ச நேரத்தில் எனக்கு வீடியோ கால். திரையில் அக்காவின் முகம் தெரியவில்லை. ஜிப்லாக் கவர்கள் தெரிந்தன. வரிசையாக. எல்லாவற்றிலும் வெள்ளை மாவு.

"நித்தி, இதுல எது உன் மாவு?"

"டப்பா எங்க?"

"டப்பாவே வரலடி."

ஆன்ட்டியையும் காலில் சேர்த்தோம்.

"டப்பாவா? அத பிரிச்சுட்டேன்ம்மா! டப்பா கனத்துக்கு ஒரு பை முறுக்கு போகுமே! எல்லாத்தையும் நல்லா கவர்ல போட்டுக் காத்தை எடுத்து அடுக்கிட்டேன். மகனுக்கு இடியாப்ப மாவும் அரிசி மாவும் கூடவே இருந்துச்சு. கோடு போட்டிருக்கிற கவர்தான் உங்களது."

"ஆன்ட்டி, எல்லாக் கவர்லயும் கோடு இருக்கு" என்றாள் அக்கா.

"நீலக் கோடு."

"எல்லாமே நீலம்தான் ஆன்ட்டி."

"அப்ப... பெருசா இருக்கிறது உங்களது. இல்ல இல்ல, இரு. பெருசு இடியாப்ப மாவுல்ல?" ஆன்ட்டியின் குரல் தேய்ந்தது. "யா அல்லாஹ். புள்ளைக்குக் குடுத்துடாதம்மா. எதையும் குடுத்துடாத."

இப்படி ஒரு தவறை உலகத்தில் வேறு யார் செய்ய முடியும்? பாசத்தில் செய்த தவறு. சூட்கேஸில் காற்றுக்குக்கூட இடம் கொடுக்காத ஜனங்கள் நாம். டப்பாவை எறிந்து மாவைக் காப்பாற்றுவோம். ஆனால் அனு விஷயத்தில் மாவின் பாதி மதிப்பு டப்பாவில்தான் இருந்தது. அதில் எழுதியிருந்த புரத அளவில்.

நான் விடவில்லை. "தண்ணில கலந்து பாரு. விரல்ல தேச்சுப் பாரு, நறநறன்னு இருந்தா அது..." என்று ஆரம்பித்தேன்.

"நித்தி." அக்காவின் குரல் ரொம்ப நிதானமாகிவிட்டது. "என் பொண்ணு சாப்பாட்டுல ஊகம் வேணாம்."

அதோடு முடிந்தது. அந்தக் கவர்களில் இருந்ததையெல்லாம் அத்தான்தான் சாப்பிட்டார். எதில் பிழிந்தாலும் இடியாப்பம்தானே என்றார். ஒரு நாள் மட்டும் இடியாப்பம் பிழியப் பிழியப் பொடிப்பொடியாக உதிர்ந்ததாம். "இது உன் தங்கச்சி அனுப்பின மாவு" என்று அக்காவிடம் காட்டிவிட்டு, ஸ்பூனால் அள்ளிச் சாப்பிட்டாராம்.

மறுநாள் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். அனுவின் உணவைப் பார்த்துக்கொள்ளும் டயட்டீஷியனுக்கு. பெயர் ஓர்லா. அக்காவுக்கு மதியம், எனக்குக் காலை. ஆபீஸ் கிளம்புவதற்கு முன் லேப்டாப்பில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். பயம், சூட்கேஸ், ஜிப்லாக். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"சந்தேகம் வந்ததும் கொடுக்காமல் நிறுத்தினீர்களே, அதுதான் சரி" என்றார் ஓர்லா. "மாவை அனுப்பியது யார்?"

"என் தங்கை. அமெரிக்காவில் இருக்கிறாள்."

"ஆ! இந்த மாதம் எல்லோருக்கும் ஒரு தங்கை இருக்கிறாள். ஒருவருக்குக் கனடாவில் அண்ணன். இன்னொருவருக்குப் போலந்திலிருந்து அம்மாவே வந்துவிட்டார்."

அக்கா சிரித்துவிட்டாள். வாரக்கணக்கில் அவள் சிரித்து நான் கேட்கவில்லை.

நான் குறுக்கே புகுந்தேன். தங்கை பேசுகிறேன் என்று அறிமுகம் செய்துகொண்டேன். பிறகு, க்ளையன்ட்டைக் கேட்பது போலவே கேட்டேன். இங்கிலாந்து லாரி நின்றால் வேறு வழி என்ன? நாட்டுக்குள் கையிருப்பு இருக்கிறதா? எந்தக் குழந்தைக்கு எது வேண்டும் என்று யாருக்குத் தெரியும்?

ஓர்லா பொறுமையாகச் சொன்னார். மருந்துகளையும் இந்த மாதிரி சிறப்பு உணவுகளையும் அரசாங்கத்தின் சுகாதாரத் துறை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்திருக்கிறதாம். எங்கே தயாராகிறது? எந்தத் துறைமுகம்? அந்த வழி அடைத்தால் என்ன? என்று தயாரிப்பாளர்களையே கேட்டிருக்கிறார்கள். கூடுதல் கையிருப்பை அயர்லாந்துக்குள்ளேயே வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். பிரிட்டனைத் தொடாமல் ஐரோப்பாவிலிருந்து நேராகக் கப்பலில் கொண்டுவரும் வழியைத் திறந்து வைத்திருக்கிறார்கள். எந்தக் குழந்தைக்கு எந்தப் பொடி என்பது ஆஸ்பத்திரிக்குத் தெரியும். இவருக்கே தெரியும்.

"உங்களிடம் கேட்பது ஒன்றுதான்" என்றார். "வழக்கமான பெட்டியை மட்டும் வாங்குங்கள். கூடுதலாகக் கேட்டு வாங்கி வீட்டில் சேர்க்காதீர்கள். எங்கள் கணக்கு எல்லாக் குழந்தைகளையும் வைத்துப் போட்டது. நான்கு வீடுகள் பயந்து சேர்த்து வைத்தால், ஐந்தாவது வீட்டுக் குழந்தைக்கு இல்லாமல் போகும். பிரெக்ஸிட் எதுவும் செய்யாமலே."

அது நான் ஆபீஸில் வாரா வாரம் சொல்கிற பாடம். தட்டுப்பாடு வரும் என்று பயந்து எல்லோரும் அதிகமாக ஆர்டர் போட்டால், அந்த ஆர்டரே தட்டுப்பாட்டைக் கொண்டுவந்துவிடும். அதற்குப் படம் வரைந்து ஸ்லைடு வைத்திருக்கிறேன். அதே பாடம் டப்ளினிலிருந்து, என் அக்கா மகளின் பெயர் சொல்லி வந்தபோதுதான் புரிந்தது.

இன்னொன்றும் புரிந்தது. மாவைத்தான் நான் வாங்கினேன். குடிக்கும் பொடியை? இங்கே மருத்துவர் சீட்டு இல்லாமல் அது எனக்குக் கிடைக்கவே இல்லை. அதாவது, எது இல்லாவிட்டால் வாக்கியத்தை முடிக்க முடியாதோ, அது என் திட்டத்திலேயே இல்லை. அவர்கள் திட்டத்தில் இருந்தது.

'இதை நம்பலாமா?' என்று அக்கா என்னைக் கேட்டாள். தங்கையாக அல்ல, தொழில் தெரிந்தவளாக.

"நம்பலாம்க்கா. சரியான கேள்விய கேட்டிருக்காங்க."

அக்கா அதன்பின் ஒரு பாக்கெட்கூடக் கூடுதலாக வாங்கவில்லை. அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு தாய், காலி அலமாரியைப் பார்த்துக்கொண்டு, முன்பின் தெரியாத யாரோ போட்ட கணக்கை நம்பி உட்கார்ந்திருக்கிறாள்.

பிரெக்ஸிட் தள்ளிப்போனது. மறுபடி தள்ளிப்போனது. கடைசியில் கஸ்டம்ஸ் சோதனையெல்லாம் நிஜமாகவே தொடங்கியது 2021 ஜனவரியில்.

அந்த ஜனவரி நினைவிருக்கிறதா? கோவிட். விமானம் ஏற வழியில்லை. நசீமா ஆன்ட்டியும் போக முடியாது, நானும் போக முடியாது. என் சூட்கேஸ் திட்டம் அன்றைக்குத் தேவைப்பட்டிருந்தால்? ஹாலில் வாயைப் பிளந்த சூட்கேஸும் எடை மெஷினும்தான் மிஞ்சியிருக்கும்.

டப்ளினில் சில கடைகளில் அலமாரி காலி என்று அக்கா சொன்னாள். அத்தான் விரும்பிச் சாப்பிடும் ஓர் இங்கிலீஷ் பிஸ்கட் காணோம். துறைமுகத்தில் லாரிகள் பேப்பருக்காக நிற்பதை டிவியில் காட்டினார்கள். மருந்துக்கடைக்குப் பெட்டி வரும் நாளும் வந்தது. நான் ஆபீஸ் மீட்டிங்கில், அதாவது என் பெட்ரூமில், காமிராவை அணைத்துவிட்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்காவிடமிருந்து ஒரு போட்டோ. அட்டைப்பெட்டி. கீழே ஒரே வார்த்தை: 'வந்துடுச்சு'.

எழுந்து போய்க் காபி போட்டுக்கொண்டேன். குடிக்க மறந்துவிட்டேன்.

பெட்டியில் என்ன மாற்றம் தெரியுமா? ஓரத்தில் புதிதாக ஒரு ஸ்டிக்கர். அவ்வளவுதான். ஒரு நாடு ஒரு கூட்டணியை விட்டுப் போனது, தலைவர்கள் கத்தினார்கள், நிபுணர்கள் விவாதித்தார்கள், அனுவைப் பொறுத்தவரை விளைவு ஒரு ஸ்டிக்கர். அவள் அன்றைக்கும் பொடியைக் கலக்கிக் கொடுத்தபோது மூக்கைச் சுளித்தாளாம். அதைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட சித்தி வேறு யாராவது இருப்பார்களா?

நான் அரசாங்கங்களைப் புகழ்கிற ஆள் இல்லை. என் க்ரீன் கார்டு க்யூவைப் பற்றி இதே பக்கத்தில் எவ்வளவு புலம்பியிருக்கிறேன்! அக்காவைக் கேட்டால் டப்ளின் வீட்டு வாடகையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவாள். அதெல்லாம் அப்படியேதான் இருக்கிறது.

ஆனால் எங்கோ ஓர் ஆபீஸில், யாரோ ஒருவர், ஒரு கம்பெனிக்குப் போன் போட்டு, "உங்கள் லாரி எந்த வழியாக வருகிறது?" என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வி அவருக்குச் சலித்துப்போயிருக்கும். அன்றைக்கு அவருக்கு அது எத்தனையாவது போனோ! அவர் வேலை சரியாக நடந்ததற்கு அடையாளம் என்ன? ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான். ஒன்றும் நடக்காததை எந்தப் பேப்பர் தலைப்பாகப் போடும்? எந்த மேடையில் அவருக்கு மாலை போடுவார்கள்? இன்னும் கேட்டால், 'ஒன்றுமே ஆகவில்லையே, எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்?' என்றுதான் அவரைக் கேட்டிருப்பார்கள். என் தொழிலில் நான் கேட்டுக் கேட்டுப் பழகிய வசனம் அது.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. அவருக்கு அனுவைத் தெரியாது. இருந்தாலும், நன்றி.

ஓர்லாவுக்கு அக்காவே நன்றி சொல்லிவிட்டாள். ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது முறுக்கு கொடுத்தாளாம். ஒரிஜினல் பாக்கெட்டில்.

சரி, சென்ற வாரத்துக்குத் திரும்புவோம். ஞாயிற்றுக்கிழமை நசீமா ஆன்ட்டி வந்தார். அனு வந்திருப்பது தெரிந்து, அவரே ஃபாத்திமாவை ட்ரைவ் பண்ணச் சொல்லி வந்துவிட்டார். அந்த ஜிப்லாக் விஷயத்தை நாங்கள் எப்போதோ மறந்துவிட்டோம். ஆன்ட்டி மறக்கவில்லை போலிருக்கிறது.

கையில் ஒரு கண்ணாடிப் பாத்திரம். உள்ளே ரோஸ் நிறத்தில் கடல்பாசி, சதுரம் சதுரமாக வெட்டியது. நோன்புக் காலத்தில் அவர்கள் வீட்டில் செய்யும் இனிப்பு. வழக்கமாகப் பால் சேர்ப்பார்.

"பால் சேக்கல" என்றார் உள்ளே நுழையும்போதே. "தண்ணியும் சர்க்கரையும் ரோஸ் சிரப்பும்தான்."

பிறகு தோளில் மாட்டியிருந்த பையைத் திறந்தார். கடல்பாசி வந்த காலி பாக்கெட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். சிரப் பாட்டிலை வைத்தார். சர்க்கரைப் பாக்கெட்டையும் வைத்தார். ஒவ்வொன்றையும் எழுத்து தெரிகிற பக்கம் அனுவை நோக்கித் திருப்பி வைத்தார்.

"நீயே படிச்சுப் பாரு ராஜாத்தி. சரியா இருந்தா மட்டும் சாப்பிடு."

அனு உட்கார்ந்து படித்தாள். சர்க்கரைப் பாக்கெட்டைக்கூட விடவில்லை. விரலை வைத்து ஒவ்வொரு வரியாக. ஆன்ட்டி மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பரீட்சை பேப்பர் திருத்தும் டீச்சர் முன்னால் நிற்பது போல.

"இட்ஸ் ஓகே, ஆன்ட்டி" என்றாள் அனு.

ஆன்ட்டிக்கு அந்த இங்கிலீஷ் நன்றாகவே புரிந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப இன்னொரு துண்டு எடு" என்றார். "தட்டு நிறையப் போடு. மெலிஞ்சு கிடக்குது புள்ள." அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். விருந்தாளிக்கு அளந்து வைக்கும் வழக்கம் இல்லாத எங்கள் வீட்டில், அனுவுக்கு முன்னால் அளக்காமல் ஒரு தட்டு வைக்கப்பட்டதை நாங்கள் இருவரும் முதல்முறையாகப் பார்த்தோம்.

இன்றைய நிலவரம்: பழைய மாவைக் கொட்டியாகிவிட்டது. டப்பா அனுவின் கலர் பென்சில்களுக்குப் போய்விட்டது. பேன்ட்ரியின் கீழ்த்தட்டு மாதக் கடைசிவரை அவள் வசம்தான். டப்ளினில் இந்த மாதப் பெட்டி நேற்று வந்துவிட்டது. அத்தான் வாங்கி வைத்துவிட்டார்.